வாகனத்தோடு வரும் டிஷ்: படம் போவது தூரத்தால் அல்ல, குறி தப்புவதால்

சித்திரை பிறந்தால் திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வாகனங்கள் வந்து தங்கத் தொடங்கிவிடும். கேம்பர் வான், கரவன், பின்னால் மெத்தை போட்டு வீடாக்கிய பழைய ஹயேஸ் வான் என்று பலவிதம். அவற்றில் சிலவற்றின் கூரையில் ஒரு டிஷ்ஷும் இருக்கிறது. அதோடு சேர்ந்து சில பேச்சுகளும் வருகின்றன. "இந்தப் பக்கம் டிஷ் சிக்னல் குறைவு." "கந்தளாய் தாண்டினால் இழுக்காது." "கிட்ட டவர் இல்லை, அதுதான் படம் வரேல்ல."

மூன்றும் பிழை. மொபைல் போனைப் பற்றிச் சொல்லவேண்டியதை டிஷ்ஷின் தலையில் கட்டுகிறோம். பிழையான விளக்கத்தை நம்பினால் பிழையான இடத்தில் காசு போகும். பெரிய டிஷ் வாங்குவார்கள், சிக்னல் பூஸ்டர் தேடுவார்கள், வானை இன்னொரு ஊருக்கு ஓட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் தேவைப்படுவது டிஷ்ஷை இரண்டு விரற்கடை திருப்புவது மட்டும்தான்.

டவர் வேறு, டிஷ் வேறு

மொபைல் டவர் தரையில் நிற்பது. அதன் கை சில கிலோமீற்றர்தான் எட்டும். விலகிப் போகப் போகச் சிக்னல் மெலியும், அடுத்த டவர் உங்கள் போனைப் பொறுப்பெடுக்கும். போனை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் கதைக்கலாம். அங்கே தூரம்தான் எல்லாம், திசை பெரிதில்லை.

டிஷ் இதற்கு நேர் எதிர். கோணேசர் கோயில் மலையுச்சியில் இரவில் ஒரு விளக்கு எரிகிறது என்று வையுங்கள். நீங்கள் உப்புவெளிக் கடற்கரையில் நின்றுகொண்டு, ஒரு முழ நீள எஸ்லோன் பைப்பைக் கண்ணில் வைத்து அதைப் பார்க்கிறீர்கள். பைப் விளக்கை நேரே நோக்கியிருக்கும்வரை வெளிச்சம் தெரியும். தலையைச் சற்றுத் திருப்பினால் இருட்டு. விளக்கு அணையவில்லை, பைப் வேறெங்கோ பார்க்கிறது. இடையில் ஒருவர் வந்து நின்றாலும் இருட்டு. ஆனால் நாலடி முன்னால் நடந்தால் வெளிச்சம் கூடுவதுமில்லை, பின்னால் போனால் குறைவதுமில்லை.

டிஷ் அந்தப் பைப். விளக்கின் இடத்தில் இருப்பது செய்மதி, அதாவது வானில் நின்று அலைகளை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி. நிலையத்திலிருந்து மேலே போகும் நிகழ்ச்சியை அது பூமியின் ஒரு பெரும் பகுதிமீது கீழே பொழிகிறது. அந்தப் பகுதிக்குச் செய்மதியின் தடம் என்று பெயர். தடத்தின் அளவு பல நூறு, பல ஆயிரம் கிலோமீற்றர். ஒரு செய்மதியின் தடம் இலங்கையை மூடியிருந்தால் பருத்தித்துறை, திருமலை, மாத்தறை எல்லாம் அதற்குள்தான். இந்தியாவுக்கென்று பொழிவது பாக்கு நீரிணையோடு நின்றுவிடாததால்தான் இந்திய டிஷ்கள் இங்கேயும் படம் காட்டுகின்றன. அவை இந்தியச் சந்தாதாரருக்கான சேவைகள், இங்கே அவற்றின் அனுமதி விஷயம் தனிக்கதை.

அசையாமல் நிற்பதுபோல ஓடும் ஒன்று

பைப்பை ஒரு தடவை நேர்ப்படுத்தி விட்டுவிட முடிவது விளக்கு நகராததால். செய்மதி எப்படி நகராமல் இருக்கிறது?

அது நகர்கிறது, விநாடிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில். பூமியைச் சுற்றும் பொருள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப அதன் ஒரு சுற்றுக்கு நேரம் எடுக்கும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும். 3,84,000 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் சந்திரனுக்கு 27 நாள் வேண்டும். அப்படியென்றால் நடுவில் ஏதோ ஓர் உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு நாள் ஆகவேண்டும். அந்த உயரம் 35,786 கிலோமீற்றர். நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே அந்த உயரத்தில் கிழக்கு நோக்கிச் சுற்றும் செய்மதி, பூமி திரும்பும் அதே கதியில் தானும் திரும்பும். கீழே நிற்கும் நமக்கு அது ஒரே இடத்தில் ஆணி அடித்ததுபோலத் தெரியும். இந்தப் பாதைக்குப் புவிநிலைச் சுற்றுப்பாதை என்று பெயர்.

இந்தப் பாதையில் சில செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் விளக்கி எழுதியவர் ஆதர் சி. கிளார்க். திருமலைக்காரருக்கு அவர் அந்நியரல்ல. 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறியவர். கோணேசர் மலையடிக் கடலில் சுழியோடி, போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோயிலின் எச்சங்களைக் கண்டவர்களில் ஒருவர். அந்தப் பாதையைக் கிளார்க் வளையம் என்றும் சொல்வதுண்டு. 1964இல் சின்கொம் 3 என்ற செய்மதி அங்கே போய் நின்று, தோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைக் கடல் கடந்து அனுப்பியது.

இதுவரை வந்ததைக் கோத்துப் பார்த்தால்: செய்மதி வானில் ஒரே இடத்தில் நிற்கிறது. அதன் தடம் நாடு முழுவதையும் மூடியிருக்கிறது. வாகனத்தில் படம் போனால் மாறியது செய்மதியுமல்ல, ஊருமல்ல. டிஷ் பார்க்கும் திசை மாறியிருக்கிறது, அல்லது இடையில் ஏதோ நிற்கிறது.

இரண்டு கோணமும் ஒரு திருகலும்

டிஷ்ஷைக் குறிபார்க்க மூன்று விஷயம் வேண்டும். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்பது திசைக்கோணம். அடிவானத்திலிருந்து எத்தனை பாகை நிமிர வேண்டும் என்பது ஏற்றக்கோணம். மூன்றாவது, டிஷ்ஷுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் எவ்வளவு திருகுவது என்பது. எல்.என்.பி. என்பது தட்டு குவித்துத் தரும் மெல்லிய அலையைப் பெருக்கி, வயர் தாங்கக்கூடிய தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கி, உள்ளே இருக்கும் ரிசீவருக்கு அனுப்பும் பாகம். அலைகள் நெடுக்காகவும் கிடையாகவும் இரண்டு விதமாக வருவதால், அது சரியான சரிவில் இருந்தால்தான் இரண்டையும் பிரித்தறியும். நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கும் நமக்கு, மேற்கிலோ கிழக்கிலோ தள்ளி நிற்கும் செய்மதிகளுக்கு இந்தத் திருகல் நிறையத் தேவைப்படும். பலர் மறக்கும் இடமும் இதுதான்.

இனித் திருமலைக் கணக்கு. டயலொக் தொலைக்காட்சி பயன்படுத்துவது 45 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு நேரே நிற்கும் செய்மதியை. நமது கடற்கரையிலிருந்து அது ஏறத்தாழ மேற்கில், சற்றுத் தெற்குச் சாய்வாக, 258 பாகைத் திசையில், 47 பாகை உயரத்தில் இருக்கிறது. இந்தியாவின் டாட்டா ப்ளே 83 பாகைக் கிழக்கில். திருமலை கிட்டத்தட்ட 81 பாகையில் இருப்பதால் அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே, தெற்குப் பக்கமாக 80 பாகை உயரத்தில்.

அதே டயலொக் செய்மதியை யாழ்ப்பாணத்தில் போய்ப் பாருங்கள். நேர்கோட்டில் 180 கிலோமீற்றர் அளவு தள்ளி வந்திருக்கிறீர்கள். திசைக்கோணம் 2 பாகை மாறியிருக்கும், ஏற்றக்கோணம் 1 பாகை. கொழும்பில் பார்த்தாலும் வித்தியாசம் 2 பாகை அளவுதான். செய்மதி ஏறத்தாழ 37,000 கிலோமீற்றர் தள்ளி இருக்கும்போது நம்முடைய பயணங்கள் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் வானைத் தரிப்பிடத்தில் குறுக்கே விட்டால் ஒரே நொடியில் 90 பாகை மாறிவிடும். கூரையில் இறுக்கிப் பூட்டிய டிஷ் படுத்தும் பாடு இதனால்தான். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் ஏறத்தாழ 3 பாகை, அதாவது நடுவிலிருந்து எந்தப் பக்கமும் ஒன்றரைப் பாகை விலகினால் சிக்னல் பாதியாகும். ஒரு வானின் இரு பக்கச் சில்லுகளுக்கும் இடையே 1.7 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கச் சில்லு மணலில் நாலரை செ.மீ. புதைந்தாலே அந்த ஒன்றரைப் பாகை தீர்ந்துபோகும். பின்சீட்டில் இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்தாலும் ஸ்பிரிங் ஆடும். ஆகவே நிறுத்தி வைத்துப் பார்க்கிறவருக்கு என் சிபாரிசு கூரை டிஷ் அல்ல, தரையில் தனியாக நிற்கும் முக்காலி.

பெரிய டிஷ் அதிகம் இழுக்கும் என்பது உண்மைதான், ஆனால் பைப்பின் வாய் ஒடுங்கிவிடும். 90 செ.மீ. டிஷ்ஷின் பார்வை 2 பாகை அளவுதான். குறிபார்ப்பது கடினம், ஆடி மாதக் கச்சான் காற்றில் அசைந்தாலும் படம் போகும். பயணத்துக்கு 60 செ.மீ. போதும்.

கடல் திறந்திருக்கிறது, ஆனால் அது தப்பான பக்கம்

நிலாவெளியில் வந்து நிறுத்துகிறவர்கள் இயல்பாகச் செய்வது டிஷ்ஷைக் கடல் பக்கம் வைத்துக் கடலைப் பார்க்கத் திருப்புவது. அங்கே மரமில்லை, மதிலில்லை. ஆனால் கடல் கிழக்கில், 45 பாகைச் செய்மதி மேற்கில். டிஷ் பார்க்கவேண்டியது தென்னையும் பனையும் ஹொட்டல்களும் நிற்கும் தரைப்பக்கத்தை.

அதற்காகப் பயப்படத் தேவையில்லை. 47 பாகை என்பது ஏறத்தாழப் பாதி வானம். எளிய கணக்கு இது: மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் மரத்திலிருந்து தள்ளி டிஷ்ஷை வையுங்கள். 15 மீற்றர் தென்னை என்றால் 15 மீற்றர். ஆகவே முக்காலியைக் கடல்விளிம்புப் பக்கம் கொண்டுபோய், முதுகைக் கடலுக்குக் காட்டி வைத்தால் மரங்களின் தலைக்கு மேலாகப் பார்வை போய்விடும். உயரத்தைக் கண்ணால் மதிக்க, கையை நேரே நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடியுங்கள். ஒரு முட்டி 10 பாகை அளவு. அடிவானத்திலிருந்து நாலரை முட்டி அடுக்கினால் செய்மதி நிற்கும் உயரத்துக்குக் கிட்ட வந்துவிடும். அதற்குக் கீழே மரம் எவ்வளவு நின்றாலும் பிரச்சினையில்லை.

80 பாகை உயரத்தில் நிற்கும் டாட்டா ப்ளே செய்மதிக்கு மரம் ஒரு தடையே அல்ல, நேரே மரத்தடியில் வைக்காதவரை.

தட்டின் சாய்வைப் பார்த்து ஏமாறவும் கூடாது. வீட்டு டிஷ்களில் எல்.என்.பி. தட்டின் நடுவுக்கு நேரே இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். அதனால் டிஷ் தன் முகம் காட்டும் திசையைவிட 20 முதல் 25 பாகை மேலே பார்க்கிறது. 47 பாகைக்குக் குறிபார்த்த தட்டு அதில் பாதியளவே நிமிர்ந்ததுபோலத் தெரியும். எதிரே இருக்கும் மதில்தான் மறைக்கிறது என்று பலர் நினைப்பது இதனால்தான்.

மணலில் குறிபார்ப்பது

முதலில் முக்காலி. அதன் நடுக்கம்பம் செங்குத்தாக நிற்கவேண்டும். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் உயரமும் கூடவே மாறி, இரண்டு கணக்கும் குழம்பும். மணலில் கால்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு இறங்கும் என்பதால் அடியில் பலகைத் துண்டு வையுங்கள். நடுவில் தண்ணீர்க் கானொன்றைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்கும் தாங்கும்.

ஏற்றக்கோணத்தை டிஷ்ஷின் பின்புறத்து அளவுகோலில் வைத்து இறுக்குங்கள். எல்.என்.பி.யைத் திருகி வையுங்கள். பிறகு மொபைலில் உள்ள திசைகாட்டி. இதை வானுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கக்கூடாது. வானின் இரும்பு ஊசியை இழுத்து இருபது பாகைகூடப் பொய் சொல்ல வைக்கும். நாலைந்து மீற்றர் தள்ளி நின்று திசையைப் பார்த்து, தூரத்தில் அந்த நேரில் இருக்கும் ஒரு மரத்தையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனித்தான் நாடகம். அப்பா வெளியே டிஷ்ஷைப் பிடித்திருப்பார், மகன் உள்ளே ரீவிக்கு முன்னால்.

"அப்பா, இன்னும் கொஞ்சம்... இன்னும்... வந்திட்டுது! அப்பா நில்லுங்கோ! போயிட்டுது."

மகன் மீது பிழையில்லை. ரிசீவர் அலையைப் பிடித்து, இது நான் தேடும் செய்மதிதானா என்று சரிபார்த்துப் படமாக்கச் சில விநாடி எடுக்கும். அவன் "வந்திட்டுது" என்று கத்தும்போது அப்பாவின் கை ஏற்கெனவே அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். விரற்கடை அளவு திருப்பி, ஐந்து எண்ணி, மறுபடி விரற்கடை அளவு திருப்புவதுதான் வழி. பத்து நிமிடம் அவசரமாகத் தேடுவதைவிட மூன்று நிமிடம் நிதானமாகத் தேடினால் கிடைக்கும்.

திரையில் இரண்டு கோடு தெரியும். ஒன்று சிக்னலின் வலு, மற்றது அதன் தரம். பெரும்பாலானோர் பார்ப்பது முதலாவதை. டிஷ் வெறும் வானத்தைப் பார்த்தாலும், சில வேளை பக்கத்து மதிலைப் பார்த்தாலும் அந்த வலுக்கோடு பாதிவரை ஏறி நிற்கும். எல்.என்.பி. உயிரோடு இருக்கிறது, வயர் அறுந்துபோகவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. செய்மதி கிடைத்ததைச் சொல்வது தரக்கோடு. அது பூச்சியத்திலிருந்து திடீரென்று எழும். எழுந்த பிறகு இடமும் வலமும், மேலும் கீழும் மெல்ல அசைத்து உச்சத்தைக் கண்டு இறுக்குங்கள். கடைசியாக எல்.என்.பி.யையும் கொஞ்சம் திருகிப் பாருங்கள், அதிலும் சில புள்ளி கூடும்.

தரம் வேறொரு செய்மதிக்கும் எழலாம். அப்படியானால் ரிசீவர் உங்கள் அலைவரிசைகளைக் காட்டாது.

பாதி அலைவரிசை வந்து பாதி வராவிட்டால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். ரிசீவர் அதே வயரில் 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான், நெடுக்கு அலை வேண்டுமா கிடை அலை வேண்டுமா என்று எல்.என்.பி.க்குச் சொல்கிறது. வயர் முனைக் கனெக்டரில் உப்புக்காற்றால் பச்சை பிடித்திருந்தால் 18 வோல்ட் முழுதாகப் போய்ச் சேராமல் ஒரு பாதி மட்டும் மறைந்துவிடும். கடற்கரையில் இது சாதாரணம். முனையை வெட்டிப் புதிதாகப் போட்டால் சரி.

சுருக்கமாக: கம்பம் செங்குத்து, உயரம் முன்கூட்டியே, திசை மெதுவாக, கண் தரக்கோட்டில்.

ஓடும்போதே பார்க்கவேண்டுமென்றால்

கூரையில் கவிழ்த்த சட்டிபோல ஒரு வெள்ளைக் கூண்டு வைத்த வாகனங்களைக் கண்டிருப்பீர்கள். உள்ளே ஒரு சிறிய டிஷ்ஷும் மோட்டர்களும். இவற்றில் இரண்டு சாதி. ஒன்று வண்டி நின்றபின் தானாகச் செய்மதியைத் தேடிப் பிடிப்பது. மற்றது வண்டி வளையும்போதும் குலுங்கும்போதும் உணரிகளால் அதை அறிந்து, எதிர்ப்பக்கம் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டே இருப்பது. விலையில் பெரிய வித்தியாசம். இரவில் தரித்துத்தான் ரீவி பார்க்கிற குடும்பத்துக்கு இரண்டாவது வீண்செலவு என்பது என் அபிப்பிராயம். ஹபரணைப் பாதையில் காட்டுமரங்கள் கவிந்த இடங்களில் எவ்வளவு விலை கொடுத்த கூண்டும் மரத்தைத் துளைத்துப் பார்க்கப்போவதில்லை.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் பழைய கூண்டில் இன்னும் இரண்டு கண்ணி இருக்கிறது. லண்டனில் தொலைக்காட்சிச் செய்மதி 25 பாகை உயரத்தில்தான் நிற்கும். அந்த ஊர்களுக்காகச் செய்த கூண்டின் மோட்டர் 80 பாகைவரை டிஷ்ஷை நிமிர்த்தாமல் போகலாம். ஆகவே அதன் ஏற்றக்கோண எல்லையைக் கேட்டுவிட்டே வாங்குங்கள். அமெரிக்கக் கூண்டு என்றால் அங்கே அலைகள் சுருளாகச் சுழன்று வரும், நமக்கு வருவது நேர் அலை. எல்.என்.பி.யையே மாற்றவேண்டியிருக்கும். தவிர, தானாகத் தேடுபவை தங்கள் நினைவில் எழுதப்பட்ட செய்மதிகளைத்தான் தேடும்.

மழையும் வெயிலும்

டிஷ் அலையின் நீளம் இரண்டரை செ.மீ. அளவு. மழைத்துளிகள் அதை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்யும். டிஜிட்டல் படம் பழைய ரீவிபோலப் புள்ளி புள்ளியாக மங்காது. ஒரு எல்லைவரை தெளிவாக நின்று, பிறகு கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே போய்விடும். குறியைச் சரியாக உச்சத்தில் வைத்தவருக்கு மழையில் அந்த எல்லை தள்ளிவரும். மாலையில் மேற்கே கிட்டவே இடிமுகில் கறுத்தால், நிலாவெளியில் ஒரு துளி விழுமுன்பே 45 பாகைப் படம் உடையலாம், ஏனென்றால் அலை அந்த முகிலுக்குள்ளால் வருகிறது. கூண்டு வைத்தவர்கள் மழை விட்டபின் அதன்மேல் படிந்த தண்ணீரைத் துடைக்கவேண்டும்.

மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் இறுதியிலும் சில நாள், பிற்பகல் 3 மணியை ஒட்டிச் சில நிமிடம் 45 பாகைப் படம் போகும். அப்போது சூரியன் செய்மதிக்கு நேர்பின்னால் வந்து நின்று தன் இரைச்சலால் அதை அமுக்கிவிடுகிறது. தானாக வரும், எதையும் தொடவேண்டாம்.

இணையத் தட்டு இதல்ல

செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2025இல் இங்கே சேவையைத் தொடங்கியபின், "அதுவும் டிஷ்தானே, அதை வைத்தால் மரப் பிரச்சினை இராது" என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. அதன் செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில், நிமிடக் கணக்கில் வானத்தைக் கடந்து ஓடுபவை. ஒன்று போக மற்றொன்று வரும். தட்டு தன் பார்வையை மின்னணுவால் திருப்பி அவற்றைப் பின்தொடரும், கையால் குறிபார்க்கும் வேலை மிச்சம். ஆனால் அதற்கு வானத்தின் பெரும்பகுதி திறந்திருக்கவேண்டும், ஏனென்றால் அடுத்த செய்மதி எந்தப் பக்கத்தால் வரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் பனை நிற்கும் காணியில் வானை விட்டுவிட்டு, மேற்கே இரண்டு மரத்துக்கு இடையில் ஒரு சின்ன இடைவெளி மட்டும் கிடைத்தால், அங்கே இணையத் தட்டு விட்டு விட்டுத்தான் வேலை செய்யும். முக்காலியில் நிற்கும் 60 செ.மீ. டிஷ்ஷுக்கு அந்த இடைவெளி போதும்.